அறுபது வரை

“மணி அடிச்சுதாம்மா?” என்று டாக்டர் கேட்டபோது, சின்னவள் குனிந்து அண்ணனின் இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இடது காலில் காலுறை இருந்தது. வலது கால் வெறுங்காலாக, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, வெளிறிக் கிடந்தது. அவனுக்குக் கால் குளிரும். கோடையில்கூடக் காலுறை இல்லாமல் தூங்கமாட்டான். போர்வைக்குள் இல்லை. தலையணைக்கு அடியிலும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்க்கலாமென்றால் அங்கே மணிப்பெட்டி இருந்தது. அவள் நிமிர்ந்துவிட்டாள்.

“என்னம்மா, மணி அடிச்சுதா?” டாக்டர் தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். விடிந்தும் விடியாமலும் ஓடிவந்ததில் சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

“அடிக்கல” என்றாள்.

அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அதோடுதான் மகனை எழுப்ப வந்திருந்தாள். சின்னவள் சொன்னதைக் கேட்டு அவள் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். பிறகு மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

“ராத்திரி வலிப்பு வந்திருக்கு. நாக்கு கடிபட்டிருக்கு பாருங்க. குப்புறக் கிடந்தான்னு வேற சொல்றீங்க.” டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வலிப்பு நின்னதுக்கப்புறம், ரொம்ப அபூர்வமா, மூளை மொத்தமும் அப்படியே அமைதியாயிடும். மூச்சு விடணும்கிறதுகூட அதுக்கு மறந்துபோகும். யாராவது பக்கத்துல இருந்து புரட்டிப் போட்டாக்கூட சில சமயம்...” அவர் அதை முடிக்கவில்லை. பேனாவைத் தேடினார்.

அமைதியாயிடும். சின்னவளுக்கு அந்த அமைதி தெரியும். அது தன் அறை வரைக்கும் வந்திருந்தது.

வலிப்பு அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கியது. பதினாலு வருடம் அம்மா அவன் அறையில், தரையில் மெத்தை விரித்துப் படுத்தாள். அப்பா எப்போதோ வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டவர். பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துவிட்டு, இரவில் ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்கியதில் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கரித்துண்டால் கோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. போன வருடம் அண்ணன் சொல்லிவிட்டான்: “இருபத்தாறு வயசு ஆம்பள நான். அம்மாவ காவலுக்குப் படுக்க வச்சுத் தூங்கறேன்னு வெளிய தெரிஞ்சா எவ எனக்குக் கழுத்த நீட்டுவா?”

“இப்ப மட்டும் வரிசைல நிக்கறாளுங்களாக்கும்” என்றாள் அம்மா.

அவனும் ஒயர் மாமாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மணியைச் செய்தார்கள். ஒயர் மாமா உறவு கிடையாது. அண்ணனோடு வேலை பார்ப்பவர். இரண்டு பேரும் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர்களை ஒயரால் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பார்கள். இணைப்பு நின்றுபோனால் ஏன் நின்றதென்று கண்டுபிடிப்பார்கள். மெத்தைக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு. மெத்தை விடாமல் குலுங்கினால் தகடு உணர்ந்துகொள்ளும். கட்டிலடியில் ஒரு பெட்டி, அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கணக்குக் கேட்கிறார் என்பதால், ஐந்து நொடிக்கு மேல் அடித்தால், எத்தனை மணிக்கு அடித்தது, எத்தனை நொடி அடித்தது என்று திரையில் வரும். அங்கிருந்து ஒயர் சுவரோரமாக ஓடி, கதவிடுக்கு வழியாக நுழைந்து, சின்னவளின் தலைமாட்டு அலமாரியில் ஒரு பழைய வாசல் மணியில் முடியும்.

“அம்மா பதினாலு வருஷம் டியூட்டி பாத்தாச்சு. இனிமே உன் ஷிஃப்ட்” என்றான் அண்ணன். சின்னவளுக்கு அப்போது பதினைந்து. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் மணிக்கு நிதானம் கிடையாது. அம்மா பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்தால் அடிக்கும். தெருவில் லாரி போனால் அடிக்கும். அவன் புரண்டு படுத்தால் அடிக்கும். ஒரு ராத்திரி நான்கு தடவை அடித்து, நான்கு தடவையும் அவள் ஓடினாள். நான்காவது தடவை கட்டிலில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தது. மறுநாள் பரீட்சைத் தாளில் எச்சில் ஒழுகத் தூங்கினாள்.

அதன்பிறகு மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சொன்னது அண்ணன்தான். “மணி அடிச்சா உடனே எழுந்திருக்காத. அறுபது வரைக்கும் எண்ணு. நடுவுல நின்னுட்டா, தூங்கு. அறுபதுக்கு மேல போனா ஓடி வா. எனக்கு நிஜமா வந்தா அறுபதுல நிக்காது. எத்தன வருஷம் பாத்திருக்கோம்.” அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்குள் பேசி வைத்துக்கொள்கிற எத்தனையோ ஏற்பாடுகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

நேற்றிரவு, மூன்று மணிக்கு மேல், மணி அடித்தது. சின்னவள் கண்ணைத் திறக்காமல் எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று தொடங்கி முப்பதைத் தாண்டியபோது ஒரு காலைப் போர்வைக்கு வெளியே வைத்தாள். நாற்பத்தொன்றில் நின்றது. நல்ல அமைதி. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, தலையணையின் குளிர்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுப் படுத்தாள். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் இப்போது அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஒன்பது மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. கூடத்தில் அண்ணனைக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்தினார்கள். சின்னவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டே இருந்தாள். கை வேலை செய்தால் வாய் பேச வேண்டியதில்லை.

“ஏதோ மணி வச்சிருந்தாங்களாமே?” என்று கூடத்தில் யாரோ கேட்டார்கள்.

“அடிக்கலையாம்” என்றது ஒரு குரல்.

“மணி அடிக்கலையாம்.” மாடி வீட்டுக்காரர்.

“பாவம், அந்த நேரம் பாத்து மணி அடிக்கலையாம்.” அம்மாவின் அக்கா, பெரியம்மா. அவள் குரலைத் தெருவே கேட்கும்.

வாசலில் புதிதாக வந்தவர்களிடம் யாரோ அதையே சொன்னார்கள். படிக்கட்டில் செல்போனில் ஒருவர் அதையே சொன்னார். சின்னவள் டீத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அவளுக்கே தெரியாத ரகசியத்தைச் சொல்வது போல, “மணி அடிக்கலையாமேடி கண்ணு” என்றாள்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், “உங்கண்ணனுக்கு மூளைல ஒரு இடம் கெட்டுப்போச்சாமே” என்று வகுப்பில் ஒருத்தி சொல்லி இவள் அழுதுகொண்டு வந்த அன்று, அண்ணன் இதைச் சொல்லியிருந்தான். அவன் அறைச் சுவரில் விளக்குப்பெட்டி ஒன்று உண்டு. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைத்துப் பழகிய பெட்டி. அதில் எட்டுப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

“கெட்ட இடம்னு ஒண்ணு இல்ல சின்னு. போன மாசம் ஒரு ஆபீஸ்ல நாப்பது மெஷினும் ஒரே நேரத்துல நின்னுபோச்சு. எந்த மெஷின் கெட்டுப்போச்சுன்னு மேனேஜர் குதிக்கிறார். ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்தோம். எல்லாம் நல்ல மெஷின். கடைசில பாத்தா, ஆபீஸ் கூட்டறவங்க ஒரு ஒயர் தொங்குதேன்னு, பாவம் நல்ல மனசோட, அதோட இன்னொரு முனையையும் இதே மாதிரி பெட்டில சொருகிட்டாங்க. ஒருத்தன் சொன்னது ஒரு சுத்து சுத்திட்டு அவன்கிட்டயே வருது. புதுசுன்னு நினைச்சு அவன் மறுபடி சொல்றான். எல்லாரும் அதையே சொல்றாங்க. அப்புறம் அதத் தவிர வேற எதையும் ஒருத்தனாலயும் சொல்ல முடியல.”

“அப்ப எதுதான் கெட்டுச்சு?”

“எதுவும் கெடல. அதான் பேஜாரு.” சிரித்தான். “என் தலையும் அப்படித்தானாம். தலை முழுக்க ஒயர் ஒட்டி டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். ஒரு மூலைல ஆரம்பிக்குது. ஆனா அந்த மூலை மட்டும் நோய் கிடையாது. அது போற வழி, திரும்பி வர்ற வழி, கூடச் சேர்ந்து ஆடற இடம், அத்தனையும் சேர்ந்துதான். பாக்கறியா, எப்படி இருக்கும்னு?”

ஒரு ஒயரை எடுத்து இரண்டு முனைகளையும் பெட்டியில் சொருகினான். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு எட்டு விளக்குகளும் சேர்ந்தாற்போல் சிமிட்டத் தொடங்கின. வேகமாக, இன்னும் வேகமாக. சுவர் பச்சையாகித் தெரிந்து மறைந்து தெரிந்தது. அண்ணனின் முகமும் தெரிந்து மறைந்து தெரிந்தது. அவள் கத்திவிட்டாள். அவன் பிடுங்கினான்.

இப்போது கூடத்தில் எல்லா வாயும் ஒன்றாய் அசைந்தன. சொருகியது அவள்தான். பிடுங்குவதற்கு ஒரு சொல் போதும். “அடிச்சுது” என்றால் போதும். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். வலிப்பு வருவதற்கு முன்னால் அவன், “சின்னு, இதெல்லாம் ஏற்கெனவே நடந்துச்சு” என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்ப்பான். அந்தப் பெண்ணின் கை, டீயின் ஆவி, வெள்ளைத் துணி, எல்லாம் ஏற்கெனவே நடந்த மாதிரி அவளுக்கு இருந்தது. பயந்துபோய்த் தட்டை வைத்துவிட்டு, வலிப்பு வருகிறதா என்று அண்ணன் சோதித்துப் பார்ப்பது போலவே, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வரிசை தப்பவில்லை.

ஒயர் மாமா பதினொரு மணிக்கு வந்தார். பக்கத்து ஊர் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தோளில் பை, முழங்கையில் சுண்ணாம்புத் தூசி. அண்ணனைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். ஒரு நாற்காலி கொடுத்தார்கள். உட்காரவில்லை.

“நீங்கதானே அந்த மணிய மாட்டினது?” என்றாள் பெரியம்மா.

“நானும் அவனும்.”

“அடிக்கலையாமே.”

ஒயர் மாமா அவளைப் பார்த்தார். பிறகு, “நேத்து முந்தாநாள் நல்லாதானே அடிச்சுது?” என்று பொதுவாகக் கேட்டார். பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனார்.

அப்போதுதான் சின்னவளுக்குத் திரை நினைவுக்கு வந்தது. அந்தத் தீப்பெட்டித் திரை. இனி அடுத்த தடவை நீளமாக அடிக்கும்வரை அதில் போன தடவைக் கணக்கு அப்படியே நிற்கும். அவள் அறைக்கதவின் மறைவில் போய் நின்றாள். அறைக்குள், கட்டிலடியிலிருந்து மாமாவின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் அசையவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது பேச்சு அடங்கியது. துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“ஒயரோட பின் கழண்டிருந்துச்சு” என்றார். “நான்தான் சரியா அழுத்தாம விட்டிருக்கேன்.”

“அடப்பாவி!” பெரியம்மா எழுந்தேவிட்டாள். “வாசல் மணியக் கொண்டுவந்து கட்டில்ல மாட்டும்போதே நினைச்சேன்! ஒரு உசுரு அதுல தொங்குதுன்னு தெரியாதா உங்களுக்கு? விளையாட்டுச் சாமானா அது?”

“தப்புதாங்க.”

“தப்பாம் தப்பு! கேட்டுக்கங்க எல்லாரும்!”

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அம்மா கழுத்து நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். சின்னவள் சமையலறைக்குத் திரும்பி டீயை அடுப்பில் வைத்தாள்.

சற்றுப் பொறுத்து டீயை எடுத்துக்கொண்டு அவள் படிக்கட்டுக்குப் போனாள். மாமா அங்கே தனியாக உட்கார்ந்து ஒரு ஒயர்த் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா...”

“சர்க்கரை போட்டியா?”

“போட்டேன்.”

அவர் சட்டைப்பையிலிருந்து சுருண்டுபோன காலுறையை எடுத்தார். “பெட்டிக்குப் பின்னாடி கிடந்துச்சு. போட்டு விடு. அவனுக்குக் கால் குளிரும்.”

அவள் அதை வாங்கிக்கொண்டாள். “நிஜமா பின் கழண்டிருந்துச்சா மாமா?”

“என் கைல எத்தனையோ பின் கழண்டிருக்கு. இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்.” டீயை ஒரு வாய் குடித்தார். “திரைல இருக்கறத நான் அழிக்கல. கை வரல.”

வண்டி வந்துவிட்டதென்று கீழே குரல் கேட்டது. அவள் ஓடிப்போய் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து காலுறையை மாட்டினாள். பாதம் வளைந்து கொடுக்கவில்லை. குதிகாலில் மாட்டிக்கொண்டது. தூங்குகிற குழந்தைக்கு மாட்டுவதுபோல ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளி, இழுத்து, சரிசெய்தாள். அம்மா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். டாக்டர் போனதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

“கட்டிலுக்கு அடியில.”

அம்மா தலையசைத்தாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. நாற்காலிகள் போய்விட்டன. பெரியம்மா மட்டும் தங்கி, கூடத்தில் குறட்டை விட்டாள். “மணியக் கழட்டிட்டுப் போகட்டுமாக்கா?” என்று ஒயர் மாமா போகும்போது கேட்டதற்கு, அம்மா “இருக்கட்டும்” என்றிருந்தாள். அதனால் சின்னவளின் தலைமாட்டில் மணி அப்படியே இருந்தது. அவள் அதன் பக்கமாக முகத்தை வைத்துப் படுத்தாள். முதுகைக் காட்டப் பயமாக இருந்தது.

எப்போது கண் அசந்தாள் என்று தெரியாது. மணி அடித்தது.

விடாமல் அடித்தது. அந்தக் கட்டிலில் யாருமில்லை. தெருவில் லாரி இல்லை. கடிகாரத்தில் மூன்று தாண்டி ஏதோ காட்டியது. அவள் நாக்கு தன்பாட்டுக்கு ‘ஒண்ணு’ என்று தொடங்கியதும் அவள் எழுந்து ஓடினாள். நடையில் விளக்கு போடவில்லை. முழங்கால், கூட்டத்துக்காக அங்கே நகர்த்தி வைத்திருந்த தையல் மெஷினில் இடித்தது. அறைக்கதவைத் தள்ளினாள்.

இருட்டில் கட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது. விளக்குப்பெட்டியின் பச்சை வெளிச்சத்தில் முதலில் மெத்தையின் அசைவு மட்டும்தான் தெரிந்தது. பிறகு மெத்தையின் விளிம்பைப் பற்றியிருந்த இரண்டு கைகள். பிறகு தரையில் முட்டி போட்டிருந்த அம்மா.

அம்மா கையை எடுத்தாள். மணி நின்றது. அதே அமைதி.

“எத்தன எண்ணின?” அம்மா திரும்பாமலே கேட்டாள்.

“எண்ணலம்மா. ஓடி வந்துட்டேன்.”

“நான் எண்ணினேன். பதினொண்ணுல வந்துட்ட.”

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் வலித்தது. அம்மா எழுந்து கட்டிலில் உட்கார்ந்தாள், முடி அவிழ்ந்திருந்தது. அவள் காலடியில் அந்தச் சின்னத் திரை வெளிச்சமாக இருந்தது. இன்றைய கணக்கு நேற்றையதை மூடியிருந்தது. அதற்கு முன்னால் அம்மா அதைப் பார்த்திருப்பாளா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நேத்து?” என்றாள் அம்மா.

“நாப்பத்தொண்ணு.”

கூடத்தில் பெரியம்மா குறட்டையை நிறுத்தி, மறுபடி தொடங்கினாள்.

“எனக்கு இருபத்தெட்டோட நின்னுபோச்சு” என்றாள் அம்மா. “சுவர் வழியா கேட்டுது. எண்ணிட்டே இருந்தேன். அப்படியே தூங்கிட்டேன்.”

அம்மாவின் அறையில் அந்தப் பழைய ஃபேன் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் மணி அங்கே கேட்குமா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பின் கழண்டிருந்துச்சு என்று சொன்னபோது ஒயர் மாமா எப்படிப் பார்த்தாரோ, அம்மாவும் அப்படித்தான், தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா. காலு சில்லுனு ஆயிடும்.”

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். சின்னவள் ஏறிப் படுத்தபோது, நடையின் அந்தக் கடைசியில், அவளுடைய காலி அறையில், மணி ‘கிர்’ரென்று ஒரு தடவை அடித்து நின்றது. சுவரில் எட்டு விளக்குகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தன. அம்மாவின் கை அவள்மேல் வந்து விழுந்தது.

அதன்பிறகு விடியும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.